எரிமலைத் தீவில் ஒரு பகல்

பழந்தமிழ்ச் சான்றோர் நிலத்தை மலை, காடு, வயல், கடற்கரை என நான்காக வகுத்தனர். ஐந்தாவதாகிய பாலைக்குத் தனி நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்து அது தோன்றும் என்பர். அந்நிலத்துக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. பொருள் தேடுவான் தலைமகன் இல்லத்தை நீங்கிச் செல்லும் வழி அது. ஆனர்ஸ் வகுப்பில் இவ்விலக்கணத்தைப் பலகால் ஓதியிருந்தும், நிலம் திரிதலையும் பிரிவின் சுவட்டையும் ஒரே பகலிற் கண்ணாரக் காணும் பேறு எமக்கு வாய்க்கும் என்று யாம் எண்ணியதில்லை. அப்பேறு சென்ற கோடை விடுமுறையில் ரீயூனியன் தீவில் வாய்த்தது. கண்டதை எம் கல்லூரி அன்பர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரீயூனியன், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தொலைவில் இந்துமாக்கடலிற் கிடப்பது. 2,512 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் குடியேறும்வரை அங்கு நிலைத்து வாழ்ந்த மக்கள் இலர். 1946-ஆம் ஆண்டு முதல் அது பிரெஞ்சு நாட்டின் ஒரு மாவட்டமாகவே ஆளப்பட்டு வருகிறது. தீவு முழுவதும் எரிமலையின் ஆக்கமே. பனிக்குன்று எனப் பொருள்படும் ‘பித்தோன் தே நேஜ்’ என்னும் கொடுமுடி 3,070 மீட்டர் உயர்ந்து, பல்லாயிரம் ஆண்டுகளாக அவிந்து கிடக்கின்றது. உலைக்குன்று எனப் பொருள்படும் ‘பித்தோன் தெ லா புர்னேஸ்’ 2,632 மீட்டர் உயரமுடையது. உலகில் அடிக்கடி தீக்குழம்பு உமிழும் மலைகளுள் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டு முதல் அது 150 முறைக்கு மேல் பொங்கியதாகக் குறிப்புகள் உள்ளன.

மற்றொன்றும் ஈண்டு கூறத்தகும். இத்தீவை ஆக்கிய நிலவுலகின் உட்தீயே, ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் இந்தியாவின் தக்காணத்துக் கரும்பாறைப் படுகைகளையும் ஆக்கியது என்பது நிலநூலார் துணிபு. அக்காலத்தில் இந்திய நிலம் அத்தீயின் மேல் இருந்தது. பின்னர் அது வடக்கு நோக்கி நகர்ந்தது. தீயோ ஏறக்குறைய நின்றவிடத்தே நின்றது. நிலம் நகர்ந்த வழியெல்லாம் இலட்சத்தீவு, மாலத்தீவு, மொரீசியசு என அடிச்சுவடுகள் எழுந்தன. அச்சுவடுகளிற் கடைசியானது ரீயூனியன். ஆகவே, மக்கள் கப்பலேறிச் செல்லுமுன்னரே நமக்கும் அத்தீவுக்கும் ஓர் உறவு இருந்தது எனலாம்.

எம் சிறிய தந்தையார் மொரீசியசுத் தீவில் ஒரு நெசவாலையிற் பணிபுரிகின்றார். அவரும் சிறிய தாயாரும் எம்மை உடனழைத்துக்கொண்டு விமானமேறி ரீயூனியனை அடைந்தனர். தென்கரையிலுள்ள சேன் பியர் நகரில் தங்கி, மலைப்பாதைக்கென அமைந்த ஒரு வண்டியையும் வழிகாட்டி ஒருவரையும் ஒரு பகலுக்கு அமர்த்தினர். வண்டி நான்கு சக்கரங்களும் விசைபெறும் வகையினது. வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கறுத்த மேனியும் நரையோடிய மீசையும் உடையவர். காரைக்காலிலோ கடலூரிலோ அவரைக் கண்டிருந்தால் நம்மவர் என்றே தமிழிற் பேசியிருப்போம். அவர்க்குத் தமிழ் தெரியாது. பிரெஞ்சும் கிரியோல் மொழியுமே அவர் பேச்சு. அவருடைய குடும்பப்பெயர் மட்டும் நல்ல தமிழ்ப்பெயர். பிரெஞ்சு எழுத்திற் புகுந்து ஓசை திரிந்திருந்தது. சிறிய தந்தையார் பிரெஞ்சு அறிவாராதலின் அவர் வாயிலாகவே யாங்கள் உரையாடினோம்.

காலை ஐந்து மணிக்கு, விடியுமுன்னரே வண்டி புறப்பட்டது. கரும்புத் தோட்டங்கள் பின்சென்றன. தாம்போன் ஊர் கடந்தது. குளிர் ஏறிக்கொண்டே வந்தது. சமவெளியிலுள்ள பூர் மூரா என்னும் சிற்றூரில் எரிமலை ஆய்வுநிலையம் இருக்கின்றது. 1977-ஆம் ஆண்டின் பெருக்கு உணர்த்திய பாடத்தால் 1979-இல் அது நிறுவப்பட்டது. மலை உள்ளே சிறிது புடைத்தாலும் நடுங்கினாலும் அங்குள்ள கருவிகள் அறிவிக்கும். ‘மலைக்கு நாடி பார்க்கும் மருத்துவர்கள்’ என்று வழிகாட்டி அந்நிலையத்தாரைக் குறிப்பிட்டார்.

‘எருத்து மூக்கு’ எனப் பொருள்படும் பெயருடைய ஒரு முனையில் வண்டியை நிறுத்தினார். கைப்பிடி வேலியருகே சென்று கீழே நோக்கிய எமக்குக் கால் கூசியது. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில், செங்குத்தான இரு சுவர்களுக்கு நடுவே, ரெம்பார் ஆறு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அக்கோட்டின் ஓரத்தே சில கூரைகள் கடுகளவாய்ப் புலப்பட்டன. ‘அது ரோஷ் பிளாத், நண்பகல் உணவு அங்கேதான்’ என்றார் வழிகாட்டி. கல்லை எறிந்தால் விழும் தூரம். வண்டியிற் செல்வதற்கோ மலையைச் சுற்றிக் கடற்கரைக்கு இறங்கி, மீண்டும் ஆற்றின் வழியே ஏறவேண்டும்.

சிறிது தொலைவில் கொமர்சோன் என்னும் அவிந்த எரிவாய் உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் இத்தீவுக்கு வந்த பிரெஞ்சு இயற்கைநூலார் ஒருவர் பெயர் அதற்கு வழங்குகின்றது. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ‘கமேட்’ என்னும் புயலின்போது இவ்விடத்தில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர் மழை பெய்தது. சென்னை நகரில் ஓராண்டு முழுதும் பெய்வது ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டரே என்பதை நினைந்தால் அம்மழையின் பெருமை விளங்கும். தீயால் எழுந்த தீவை நீர் ஓயாது அறுத்துக்கொண்டிருப்பதாலன்றோ இத்துணை ஆழமான பள்ளத்தாக்குகள் தோன்றின!

இதன்பின் பாதை ஒரு மேட்டின் விளிம்பை அடைந்து வளைந்து இறங்கியது. எம் சிறிய தாயார் ‘ஆ!’ என்று கூவினார். கீழே பரந்து கிடந்தது மணற்சமவெளி. மரம் இல்லை, புல் இல்லை, பறவை இல்லை. செம்மையும் கருமையும் கலந்த எரிகற்பொடி கண்ணுக்கெட்டிய அளவும் விரிந்திருந்தது. அங்கே தார்ச்சாலை முடிந்தது. பாதை முழுதும் தகரத்தகடு போல் வரிவரியாய் மடிந்திருந்தமையின் வண்டி இடைவிடாது அதிர்ந்தது. பேச முயன்றவர் சொற்கள் துண்டுதுண்டாய் வெளிவந்தன. நடுவழியில் இறங்கி நின்றோம். காலின்கீழ்க் கல் நொறுங்கும் ஓசையன்றி வேறு ஓசை இல்லை. வழிகாட்டி ஒரு கல்லை எடுத்துக் கதிரொளியிற் காட்டினார். அதனுள்ளே பச்சைநிறப் பளிங்குத்துகள்கள் மின்னின. பாலை என்றால் வெயிலே நினைவுக்கு வரும். இங்கோ விரல்கள் குளிரால் மரத்தன. ஆயினும் இது பாலையே. தன் இயல்பு முற்றும் திரிந்த நிலம் வேறெப்படி இருக்கும்?

பாதையின் முடிவில் பெல்கோம்ப் கணவாய். அதன் விளிம்பில் நின்றால், குதிரை இலாடம் போன்ற நெடுஞ்சுவரால் அடைபட்ட பெரும்பள்ளமும், அதன் நடுவே உலைக்குன்றும் தெரியும். சுவரின் அடியில் ஒரு சிறு செம்மேடு உண்டு. 1753-ஆம் ஆண்டின் பெருக்கில் பிறந்த அதற்குக் ‘குழியானை’ப் பூச்சியின் பெயரையே இலத்தீன் மொழியில் ‘போர்மிக்கா லியோ’ என இட்டனர். நம்மூர்ச் சிறுவர் மணலில் ஊதி விளையாடும் அப்பூச்சியின் குழியை அது ஒத்திருப்பதைக் கண்டு நகைத்தோம். மேலேயுள்ள பெருவாய் 2007-ஆம் ஆண்டு ஏப்ரலில் சில நாட்களுள் 300 மீட்டருக்கு மேல் இடிந்து தாழ்ந்தது என்றார் வழிகாட்டி. அன்று மலை அமைதியாக உறங்கியது. கறுத்துக் கிடந்த குழம்புப்பாறையின் சில பகுதி முறுக்கிய கயிறு போலவும், சில பகுதி உழுத கரிசல் போலவும் தோன்றின. பழைய பாறைகளின்மேல் சாம்பல்நிறப் பாசி போன்றதொன்று படர்ந்திருந்தது. வெந்த கல்லில் முதலிற் குடியேறும் உயிர் அதுவே. அதன்பின் பெரணி, அதன்பின் செடி, அதன்பின் மரம் எனக் காடு மெல்ல மீளும்.

மலையினின்று இறங்கிக் கடற்கரையிலுள்ள சேன் ஜோசப் ஊரை அடைந்து, ஆற்றுப்படுகையில் வண்டியைத் திருப்பினார். இதனைப் பாதை என்பது முகமன். பானையளவு, பாறையளவுக் கற்களின்மேல் வண்டி யானை நடைபோல் அசைந்து ஏறியது. நீரோட்டங்களைக் கடக்குமுன் வழிகாட்டி இறங்கி, ஒரு கோலால் ஆழம் பார்த்து, மிகத் தாழ்ந்த கியரில் மெல்லச் செலுத்தினார். 1965-ஆம் ஆண்டில் மகாவேல் என்னும் இடத்தில் மலைச்சுவர் சரிந்து இப்பள்ளத்தாக்கை நிரப்பியது. இப்போதும் பெருமழைக்குப்பின் பாதையைப் புதிதாய்த் தேடவேண்டும் என்றார். ஒன்றரை மணி நேரத்துக்குப்பின் ரோஷ் பிளாத் வந்தது. காலையில் கடுகாய்த் தெரிந்த கூரைகள் தோட்டஞ் சூழ்ந்த சிறு வீடுகளாய் நின்றன. நிமிர்ந்து நோக்கினோம், யாங்கள் நின்ற முனை வானத்தில் ஒரு நகக்கீற்றாய்த் தெரிந்தது.

ஒரு வீட்டில் விறகடுப்பில் சமைத்த உணவு இட்டனர். சோறு, பருப்பு, கோழிக் ‘காரி’, முருங்கைக்கீரை, தக்காளியும் மிளகாயும் இடித்த ‘ருகாய்’. முருங்கைக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘முருங்’. ருகாய் என்பது ஊறுகாயின் சிதைவு என்று யாம் கூறியபோது வழிகாட்டி கையில் எடுத்த கவளத்தை நிறுத்தி, ‘எம் பாட்டியார் இட்ட உணவெல்லாம் உம் மொழியில் இருக்கிறதா?’ என்றார். பூசாரியை அவர்கள் ‘புசாரி’ என்பர். கூத்துப் பயிற்றும் வாத்தியாரை ‘வார்த்தியால்’ என்பர். இரவெல்லாம் ஆடும் நாடகத்தில் பொருள் அறியாமலே தமிழ்ப்பாடல்களைப் பாடுவர் என்றும் கூறினார்.

இம்மக்கள் வந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1848-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் இத்தீவில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலியாட்களை இந்தியாவில் தேடினர். 1860-இல் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் உடன்படிக்கை செய்துகொண்டபின் அவ்வரவு பெருகியது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பல்லாயிரவர் கப்பலேறினர். தொழிலாளர் பட்ட துன்பம் காரணமாக 1882-இல் இந்திய அரசாங்கம் அதனை நிறுத்தியது. பொருள்வயிற் பிரிவில் மகளிரோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை எனத் தொல்காப்பியத்துக்கு உரைகாரர் பொருள் கூறுவர். அக்கப்பல்களிலோ மகளிரும் மக்களும் ஏறினர். பிரிந்தவர் மீள்வர் என்பதே பாலைப்பாட்டின் நம்பிக்கை. இவருட் பலர் மீளவில்லை.

உணவு முடிந்தபின் வழிகாட்டி சட்டைப்பையினின்று ஒரு தாளை எடுத்தார். அஃது ஒரு பழந்தாளின் நகல். மூலத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டின் பூசைமாடத்தில் வைத்திருப்பதாகவும், நாள்தோறும் கர்ப்பூரம் காட்டுவதாகவும் கூறினார். அவருடைய பாட்டனாரின் பாட்டனார் தம் கையால் எழுதிய மந்திரம் அது, குடும்பத்தைக் காப்பது, நான்கு தலைமுறையாக அதனைப் படிப்பார் இலர். ‘இவர் தமிழ் கற்கும் மாணவர் என்றீரே; படித்துச் சொல்வாரா?’ என்று சிறிய தந்தையாரை வினவினார்.

யாம் தாளைக் கையில் வாங்கினோம். பழைய கையெழுத்து, மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை, எண்கள் எல்லாம் தமிழெண்கள். சுவடி வகுப்பில் எம் ஆசிரியர் பொறுமையோடு பயிற்றிய பயிற்சி அன்று துணைசெய்தது. முதல் வரியில் ‘பிரமாதி வருஷம் ஆவணி மாதம்’ என்றிருந்தது. அடுத்த வரிகளைப் படிக்கப் படிக்க எம் நெஞ்சம் தயங்கியது. அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு, கருவாடு. நோயாய்க் கிடந்த நாள் 6, அதற்குக் கழிவு. நின்ற சம்பளம் இவ்வளவு. மந்திரம் அன்று; கூலிக்கணக்கு. தாளின் அடியில் மூன்று வரிகள் ஒன்றுபோல் இருந்தன. ‘ஊரில் ஆத்தாளுக்கு அனுப்பக் கொடுத்தது’ என்று ஒரு தொகை. அதன் எதிரே ‘கடுதாசி வரவில்லை’. மூன்று முறையும் தொகை வேறு. எதிரே எழுதிய சொல் மட்டும் மாறவில்லை.

யாம் தமிழிற் சொல்லக்கேட்ட சிறிய தந்தையார் சிறிது நேரம் வாளா இருந்தார். பின், ‘தம்பி, மந்திரம் என்றே சொல்லிவிடுவோம். நூற்றாண்டுக்கு மேலாக வணங்கி வருகின்றனர். அதனைக் கூலிச்சீட்டென்று சொல்லி என்ன பயன்?’ என்று தாழ்ந்த குரலிற் கூறினார். அவர் கூறியது அன்பினால். எமக்கோ அது கூடாது எனத் தோன்றியது. ‘எழுதியவர் தம் கையால் எழுதி வைத்ததை அவர் குலத்தார்க்கு மறைக்க நாம் யார், சித்தப்பா? படிப்பார் இல்லாமையால் அவர் சொல் இதுவரை ஊமையாயிற்று. படித்தவரும் மறைத்தால் அது என்றைக்கும் ஊமையன்றோ?’ என்றோம். சிறிய தாயாரும், ‘உள்ளதையே சொல்லுங்கள், அவர் தாங்குவார்’ என்றார். சிறிய தந்தையார் தலையசைத்து, ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் உரைத்தார்.

வழிகாட்டியின் முகம் மாறியது. கருவாடு வரையில் அவர் எம்மையே நோக்கினார். நோய்நாள் ஆறு என்றதும் தலை கவிழ்ந்தார். ஆத்தாளுக்கு அனுப்பிய வரிகளைக் கேட்டபோது எழுந்து வாயிலருகே சென்று ஆற்றைப் பார்த்து நின்றார். யாம் செய்தது தகுமோ என்று ஐயுற்று இருந்தோம். திரும்பி வந்தவர் முதலிற் கேட்டது ஆண்டைப் பற்றியே. அறுபது ஆண்டுச் சுற்றில் பிரமாதி வருவது எப்போது எனக் கணக்கிட்டு, ஒப்பந்தக் காலத்தோடு பொருத்தி, 1879 என்றோம். தம் முன்னோர் எப்போது வந்தார் என்பதை அவர் குடும்பத்தில் ஒருவரும் அன்றுவரை அறியார். பின்னர், ‘மந்திரம் எல்லோர்க்கும் பொது. இக்கணக்கு அவர் ஒருவர்க்கே உரியது. சட்டத்தை மாடத்திலிருந்து எடுக்கமாட்டேன்’ என்றார். கைப்பேசியை எம்முன் வைத்து, தம் பிள்ளைகள் கேட்கவேண்டும் என்று தாள் முழுவதையும் மெல்லப் படிக்கச் சொன்னார். இறுதியில் ‘ஆத்தாள்’ என்னும் சொல்லை மட்டும் தாமே நான்கைந்து முறை கூறிப் பழகினார்.

மாலையில் கிழக்குக் கரைவழியே சென்றோம். ‘பெருஞ்சுடுநிலம்’ எனப்படும் சரிவில், 2007-ஆம் ஆண்டில் சாலையை மூடிக் கடலில் விழுந்து புதுநிலம் படைத்த கரும்பாறையைக் கடந்தோம். பித்தோன் சேந்த் ரோஸ் என்னும் ஊரில் ‘எரிகுழம்பின் மாதா’ ஆலயம் நிற்கின்றது. 1977-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீக்குழம்பு அவ்வூர்க்குள் புகுந்தது. மக்கள் முன்னரே அகற்றப்பட்டமையால் உயிர்கள் தப்பின. வீடுகள் பல எரிந்தன. ஆலயத்தை அணுகிய குழம்பு அதன் வாயிலிற் சிறிது நுழைந்து, இருபுறமும் பிரிந்து சென்று உறைந்தது. அக்கரும்பாறையை இன்றும் கையால் தொடலாம். உள்ளே சென்று முழந்தாளிட்டோம். வழிகாட்டியும் எம்மருகே முழந்தாளிட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்றவர், கோயிலுக்கும் செல்பவர். அவருடைய தோட்டத்து முன்னோர் பலர் இவ்விரண்டையும் கைவிடாது காத்தனர். ‘இது புதுமையா?’ என்று வினவினோம். ‘ஆலயத்துக்கு அருகே வீடிழந்தவரும் செபித்தவர்களே. நான் புதுமை என்று வாதாடமாட்டேன். நன்றி மட்டும் சொல்வேன்’ என்றார். அவ்விடையைக் காட்டிலும் நல்ல விடை எமக்குத் தோன்றவில்லை.

தமிழ் ஆனர்ஸ் எடுத்த எம்மை, அதனால் என்ன பயன் என்று கேட்பார் உளர். உத்தியோகச் சந்தையில் அதன் விலை யாதென யாம் வாதிட விரும்பவில்லை. ஆயின், கடல்கடந்த ஒரு பள்ளத்தாக்கில் 1879-இல் ஒரு மகன் தன் தாயை நினைந்து எழுதிய மூன்று வரிகள், படிப்பார் வருகைக்காக ஒன்றரை நூற்றாண்டு அளவும் காத்துக் கிடந்தன. புள்ளியில்லா எழுத்தையும் தமிழெண்ணையும் வகுப்பிற் பழகும்போது சலித்துக்கொள்ளும் தோழர்க்கு இதனையே யாம் விடையாகக் கூறுவோம்.

ரீயூனியனிலும் மொரீசியசிலும் மலேயாவிலும் பிஜியிலும் தென்னாப்பிரிக்காவிலும் இத்தகைய தாள்கள் பூசைமாடங்களிலும் பெட்டியடியிலும் இன்னும் கிடத்தல் கூடும். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் அந்நாடுகளில் வாழ்வார் பலர். அவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. அயல்வீட்டார் ஒரு பழந்தாளை நீட்டினால், ஒரு நாழிகை அமர்ந்து படித்துக் கொடுங்கள். எழுத்து விளங்காவிடின் நகலெடுத்து எம் தமிழ்த்துறைக்கு அனுப்புங்கள். ஆசிரியரும் மாணவரும் கூடிப் படித்து, உள்ளதை உள்ளவாறே எழுதி அனுப்புவோம்.